மச்சமும் கயிறும்

ஒரே முகம், இரண்டு பெண்கள். ஒருத்தி மாளிகையிலே வாழ்கிறாள். வாழ்கிறாள் என்பதைவிட வதைபடுகிறாள் என்பதே பொருந்தும். காப்பாளனாக வந்த உறவினன் சொத்தைச் சுருட்டுகிறான், சொந்தக்காரியை அடிக்கிறான். அவளோ வாய் திறவாள். பெயர், அஞ்சு. தமிழ் தெரிந்தவர் எவரோ வைத்த பெயர்போலும் என்று ஐயுறும் அளவுக்கு அஞ்சுகிறாள்! மற்றொருத்தி குடிசையிலே வளர்ந்தவள். தெருவிலே ஆடிப் பிழைப்பவள். அடித்தவனைத் திருப்பி அடிப்பவள். பெயர், மஞ்சு. இருவரும் இடம் மாறுகின்றனர். அஞ்சியவளை அடிக்க ஓங்கிய கை அஞ்சாதவளிடம் அகப்பட்டுத் தவிக்கிறது. கொட்டகை குலுங்கச் சிரிக்கிறது கூட்டம்.

'சால்பாஸ்' என்ற இந்திப் படத்தின் கதை இது. 1989-ஆம் ஆண்டு வெளிவந்தது. பங்கஜ் பராசர் இயக்கினார். இரு பெண்களாகவும் நடித்தவர் ஸ்ரீதேவி. உடன் நடித்தவர்கள் ரஜினிகாந்த்தும் சன்னி தியோலும். சிறந்த நடிகைக்கான பிலிம்பேர் பரிசை ஸ்ரீதேவிக்குப் பெற்றுத் தந்த படம். அடிதடியும் ஆள்மாறாட்டமும் கலந்த களிப்புப் படம்; பொழுது போக்கப் பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதானே, அதிலே ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பார் உண்டு. கேட்கட்டும். சிரிப்போடு சேர்த்து விழுங்கப்படும் கருத்துத்தான் செரிக்காமல் உள்ளே தங்குகிறது. ஆகவே சிரிப்புப் படத்தைத்தான் சற்று உரசிப் பார்க்கவேண்டும்.

முதலிலே, இந்தப் படமே ஓர் ஆள்மாறாட்டம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்திப் படம் என்று பெயர். கதையோ வடக்கே பிறந்ததன்று. 1964-இல் தெலுங்கிலே என்.டி. ராமராவ் இரட்டை வேடம் தாங்கிய 'ராமுடு பீமுடு' வந்தது. தாப்பி சாணக்யா இயக்கினார். அதுவே 1965 பொங்கலன்று எம்.ஜி.ஆர். நடிக்க 'எங்க வீட்டுப் பிள்ளை' ஆயிற்று. 1967-இல் திலீப்குமாருக்கு வடநாட்டு உடை தைத்துக் கொடுத்து 'ராம் அவுர் ஷ்யாம்' என்றனர். அந்தக் கதையிலே ஆண்களை எடுத்துவிட்டுப் பெண்களை வைத்தனர், 1972-இல் 'சீதா அவுர் கீதா' கிடைத்தது. நடித்தவர் ஹேமமாலினி, தமிழ்க் குடும்பத்துப் பெண். அது தமிழுக்குத் திரும்பி 1974-இல் 'வாணி ராணி' ஆயிற்று. அதே அடுப்பில் அதே பானையை மறுபடி ஏற்றி இறக்கியதுதான் 1989-இன் 'சால்பாஸ்'. கதை தெற்கத்தியது, கதாநாயகி தெற்கத்தியவர், கார் ஓட்டும் நாயகனும் தெற்கிலிருந்து போனவர். பெயர்ப்பலகை மட்டும் இந்தி!

கதாநாயகி எந்தத் தெற்கு? 1963 ஆகஸ்டில், சிவகாசிக்கு அருகே மீனம்பட்டியில் பிறந்தவர். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று நீளும் கரிசல் காட்டிலே, மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ் என்று வாழும் வட்டாரத்திலே பிறந்தவர். தொழிற்சாலை என்று எவரும் அங்கே சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்பதே வழக்கு. 'எங்கள் மண்ணின் மகள்' என்று மார்தட்டும் இளைஞர்களைக் கண்டிருக்கிறேன். மார்தட்டுவதற்கு முன்பு ஒன்றைக் கேட்டுவிடுங்கள். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

கதைக்கு வருவோம். அஞ்சுவும் மஞ்சுவும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்று. ஆயினும் ஒருத்தி கோழை, ஒருத்தி வீராங்கனை. ஏன்? பிறவிக் குணமா? இருவருக்கும் பிறவி ஒன்றுதானே! ஒரே வயிறு, ஒரே நாள், ஒரே இரத்தம். சோதிடர் கணக்குப்படி பார்த்தாலும் ஒரே இராசி, ஒரே நட்சத்திரம். எழுதிய தலைவிதியும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும்? ஆயினும் அடிபட்டு வளர்ந்தவள் அடங்கினாள். அடிக்க ஆளில்லாமல் வளர்ந்தவள் நிமிர்ந்தாள். மனிதனை ஆக்குவது பிறப்பு அன்று, வளர்ப்பும் வாய்ப்பும் என்பதை மேடை போட்டு மூன்று மணி நேரம் முழங்கினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது. படம் எடுத்தவர்கள் அறியாமலே பகுத்தறிவுப் பாடம் எடுத்துவிட்டனர்.

ஆனால் பாடத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்களே, அதுதான் என் வழக்கு.

முடிவை எண்ணிப் பாருங்கள். தெருவில் ஆடிய மஞ்சு மாளிகைக்குள் வருவதற்கு எது அனுமதிச் சீட்டு? அவளுடைய துணிவா? அறிவா? இல்லை. அவளும் அந்த மாளிகைக்காரரின் மகள்தான், பிறந்தபோதே பிரிந்துபோன இரட்டை என்பதுதான் சீட்டு. முகம் ஒன்றாயிருந்தது எதேச்சை, இரத்தம் வேறு என்று ஆகியிருந்தால்? கூலி கொடுத்து அனுப்பியிருப்பார்கள்! 'எங்க வீட்டுப் பிள்ளை'யிலும் இதே சூழ்ச்சி. கோழை இராமுவின் முதுகில் விழுந்த சவுக்கை, இளங்கோ வந்து பறித்துத் திருப்பி வீசுகிறான். கைதட்டல் கூரையைப் பிளந்தது. நானும் தட்டியவன்தான், நம்பியாருக்கு விழுந்த ஒவ்வோர் அடியும் நமக்கு வேண்டியவர் கொடுத்த அடியாகத் தெரிந்தது. ஆனால் முடிவிலே இளங்கோவும் அதே வீட்டு வாரிசு என்று சொல்லிவிடுகிறார்களே! நாட்டிலுள்ள ஆயிரமாயிரம் இளங்கோக்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள்? அவர்கள் சவுக்கைப் பறித்தால் கைதட்டுவாரா, காவல் நிலையத்துக்கு ஆள் அனுப்புவாரா?

பிறப்பு பொய் என்று இடைவேளை வரை சொல்லிவிட்டு, பிறப்பே மெய் என்று மங்களம் பாடுவது இந்த இரட்டை வேடப் படங்களின் இரட்டை வேடம். மச்சம் காட்டுவார்கள், தாயத்து காட்டுவார்கள், பாதியாய் உடைந்த பதக்கம் காட்டுவார்கள். ஜெமினியின் 'அபூர்வ சகோதரர்க'ளில் (1949) ஒருவனுக்குப் பட்ட வலி இன்னொருவனுக்கும் உறைக்குமாம்! பக்கத்துத் தெருக்காரனுக்குப் பட்ட அடி உறைக்காத நாட்டிலே, இரத்தம் ஒன்றானால் மட்டும் வலி காற்றில் பறந்து வருகிறது.

எல்லாரும் இப்படி ஏமாற்றினார்கள் என்றும் சொல்லமாட்டேன். 1958-இல் வந்த 'நாடோடி மன்ன'னில் மார்த்தாண்டன் மன்னன், வீராங்கன் மக்களில் ஒருவன். முகம் ஒன்று, அவ்வளவுதான். முடிசூடி அமர்ந்த நாடோடி நல்லாட்சி நடத்துகிறான். அதற்கு அரச இரத்தம் தேவைப்படவில்லை. மேல்நாட்டிலே மார்க் ட்வைன் 1881-இலேயே அரசகுமாரனையும் ஏழைச் சிறுவனையும் சட்டை மாற்றிவிட்டு வேடிக்கை பார்த்தார். கந்தல் உடுத்திய அரசகுமாரனை அரண்மனைக் காவலனே கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறான். முகத்தை எவன் பார்த்தான்? துணியைத்தான் பார்த்தான். சார்லி சாப்ளின் 1940-இல் யூத நாவிதனையும் யூதரை வதைக்கும் சர்வாதிகாரியையும் ஒரே முகத்தில் காட்டினார். பிறப்பால் உயர்ந்தோம் என்று கொக்கரித்தவனுக்கு அதைவிட வேறென்ன சவுக்கடி வேண்டும்? நாவிதன் சர்வாதிகாரியின் தம்பி என்று சாப்ளின் கதை கட்டவில்லை. நம்மவர் கையில் சிக்கியிருந்தால் கட்டியிருப்பார்கள்.

இவற்றுள் நம் கரிசல் இளைஞர் கட்டாயம் அறியவேண்டியது மார்க் ட்வைன் 1894-இல் வெளியிட்ட இன்னொரு கதை: 'பட்டன்ஹெட் வில்சன்'. அடிமை முறை நிலவிய அமெரிக்கத் தென்பகுதி. ராக்ஸி என்ற அடிமைப் பெண், பார்வைக்கு வெள்ளைக்காரி. பதினாறில் ஒரு பங்கு கறுப்பு இரத்தம் என்று கணக்குப் போட்டு அவளை அடிமையாக்கி வைத்திருக்கிறது சட்டம். அவள் குழந்தையும் எசமானின் குழந்தையும் ஒரே நாளில் பிறந்தவர்கள், ஒன்றுபோல் இருப்பவர்கள். எசமான் குழந்தைக்குப் பட்டுப்போன்ற மெல்லிய சட்டை, கழுத்திலே பவள மாலை. அடிமைக் குழந்தைக்கு முரட்டுத் துணி, கழுத்து வெறுங்கழுத்து. பெற்ற தகப்பனுக்கே மாலையைப் பார்த்தால்தான் பிள்ளை தெரியும்! ராக்ஸி ஒருநாள் மாலையை மாற்றிவிடுகிறாள். அடிமை எசமானாகிறான், எசமான் அடிமையாகிறான். ஊர் அறியவில்லை. இரத்தம் அறியவில்லை. ஆண்டுகள் பல கழிந்து, கைரேகை பார்த்துத்தான் உண்மை வெளியாகிறது. உரிமை மீண்ட அந்த வெள்ளை வாரிசு என்ன ஆனான்? எழுத்தறியான், பேச்சு அடிமைக் குடிலின் பேச்சு, வெள்ளையர் கூடத்திலே உட்காரக் கூசினான், சமையற்கட்டிலேதான் அவனுக்கு மூச்சு வந்தது. நம் படங்களில் மச்சத்தைக் கண்டதும் மறுகணமே பட்டுடுத்திப் பாட்டுப் பாடுகிறார்களே, அந்தப் புளுகை ட்வைன் எழுதவில்லை.

கைரேகை என்றதும் தென்பாண்டி முதியவர்களுக்கு வேறொன்று நினைவு வரும். 1911-க்குப் பின் சென்னை மாகாணத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் செயலுக்கு வந்தது. மக்கள் வாயிலே அதற்கு 'ரேகைச் சட்டம்' என்று பெயர். திருடியவனைப் பிடிக்க வந்த ரேகை அன்று. பிறந்தவனையெல்லாம் திருடன் என்று பதிவு செய்ய வந்த ரேகை. 1947-இல் சென்னை மாகாணத்தில் அது ஒழிக்கப்படும் வரை, ஓர் ஆளுக்குப் பதிலாக ஒரு குலத்தையே பிடித்து நிறுத்திய ஆள்மாறாட்டத்தை அரசே நடத்திற்று. இன்னார் பிள்ளை இப்படித்தான் இருப்பான் என்று அன்று வெள்ளையன் எழுதியதை அநீதி என்கிறோம். அதே வாசகத்தை அடுத்த தெருப் பிள்ளையைப் பார்த்து இன்று நாமே சொன்னால் அதற்கு என்ன பெயர்?

பவள மாலைக்கு வருகிறேன். தோழர்களே, கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே எந்தப் பள்ளிக்கூட வாயிலிலும் மாலை நான்கு மணிக்கு நின்று பாருங்கள். சீருடையிலே வெளிவருகிறார்கள் சிறுவர்கள். கரிசலும் கந்தக வெயிலும் எல்லாரையும் ஒரே நிறமாய்ச் சுட்டு வைத்திருக்கின்றன. ஒரே எண்ணெய்த் தலை, ஒரே புழுதிக்கால், ஒரே பேச்சு. மேலத்தெரு எது, கீழத்தெரு எது, எவர் கண்டுபிடிப்பார்? கண்டுபிடிக்க முடியாது. ஆகவே மணிக்கட்டைப் பார்க்கவேண்டியிருக்கிறது! சிவப்பு ஒரு சாதி, மஞ்சள் ஒரு சாதி, பச்சை ஒரு சாதி, காவி ஒரு சாதி. அல்லது இரண்டு நிறம் முறுக்கிய கயிறு வேறொரு சாதி. பத்து வயதுப் பிள்ளையின் கையிலே பரம்பரைப் பட்டயம்!

சாதி பிறவியிலேயே உடலில் ஊறியது என்று சொல்லும் பெரியவர்களைக் கேட்கிறேன். உடலில் ஊறியதென்றால் கடையில் கயிறு வாங்குவானேன்? காக்கைக்கும் கொக்குக்கும் கயிறு கட்டித்தான் வேறுபாடு அறிகிறோமா? ஆட்டுக்கும் மாட்டுக்கும் அடையாளச் சீட்டு வேண்டுமா? இரண்டு தீப்பெட்டி ஒன்றுபோல் இருந்தால்தான், எது எவனுடையது என்று காட்ட மேலே படச்சீட்டு ஒட்டுகிறோம். உள்ளே இருக்கும் குச்சி, மருந்து, உரசினால் வரும் நெருப்பு, எல்லாம் ஒன்று. கயிறு என்பது சாதிக்காரன் எழுதிக்கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம்: 'எங்களுக்கும் அவர்களுக்கும் பார்வைக்கு ஒரு வேறுபாடும் கிடையாது, ஆகவே கட்டுகிறோம்.'

இதைத் தடுக்க எவரும் முயலவில்லை என்பதில்லை. 2019 சூலை இறுதியில், பயிற்சியிலிருந்த இளம் ஆட்சிப்பணி அதிகாரிகள் சுட்டிக்காட்டியதன்பேரில், பள்ளிக்கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். கயிறு கட்டும் பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கச் சொன்னார். உடனே எழுந்தது கூக்குரல்: 'இந்துக்களின் நம்பிக்கையில் கை வைப்பதா?' அப்போதைய அமைச்சர், அது தமக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது, பழைய நிலையே தொடரும் என்றார். தொடர்ந்தது! 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில், பட்டியல் வகுப்பு மாணவன் ஒருவனை உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒரு நபர் குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறு கூடாது, சாதி காட்டும் மோதிரம் கூடாது, நெற்றிக் குறி கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது என்றது. மறுபடியும் அதே கூக்குரல்.

கோவில் கயிறு என்கிறார்கள். கோவில் கயிறென்றால் தெருவுக்குத் தெரு நிறம் மாறுவானேன்? ஒரே அம்மனை வணங்கும் இரண்டு தெருக்களில் அம்மனுக்கு இரண்டு நிறமா? திருவிழா முடிந்து அவிழ்க்கவேண்டிய காப்பு, கல்வியாண்டு முழுதும் அவிழாதது ஏன்? பிள்ளைகள் தாமாகக் கட்டிக்கொள்கிறார்கள், விளையாட்டு வயது, பெரிதுபடுத்தாதீர் என்பார் சிலர். பிள்ளைகளுக்கு நிறம் சொல்லிக்கொடுத்தது யார்? நினைவு நாள் விழாவுக்கு நிறம் பிரித்துக் கொடி கட்டுபவர் யார்? பேருந்தில் இந்த நிறத்துக்கு இந்த இருக்கை என்று பிள்ளைகள் பிரிந்து அமரும்போது, பார்த்தும் பாராமல் இருந்த ஆசிரியர் யார்?

இந்த இடத்திலே எட்டயபுரத்துக் கவிஞரையும் ஒரு வார்த்தை கேட்காமல் போவதற்கில்லை. கோவில்பட்டிக்குக் கூப்பிடு தூரத்திலே, 1882-இல் பிறந்த பாரதியார், புதுவையில் இருந்தபோது ஆதிதிராவிட இளைஞர் ரா. கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்தார். அந்நாளில் அது துணிச்சல், மறுப்பாரில்லை. ஆனால் நூல் போட்டு ஒருவரை உயர்த்துவதாக எண்ணும்போது, நூல் இல்லாதவர் தாழ்ந்தவர் என்ற கணக்கு அப்படியே நின்றுவிடுகிறதே! ராக்ஸியும் மாலையை மாற்றித்தான் போட்டாள். மாலை இருந்தது, ஆகவே அடிமையும் இருந்தான்.

இனி, மீனம்பட்டிக்கு. ஸ்ரீதேவி நான்கு வயதிலேயே படப்பிடிப்புக்கு அழைத்துச் செல்லப்பட்டவர். 1969-இல் 'துணைவன்' படத்தில் வேலும் மயிலுமாக முருகனாக நின்றார். ஆறு வயது தாண்டாத பெண் குழந்தைக்கு அரிதாரம் பூசினால் ஆண் கடவுள் கிடைத்துவிடுகிறார் என்பதைப் பக்தர்கள் கண்டும் ஐயம் கொள்ளவில்லை, அது கிடக்கட்டும். பின்பு தமிழில் புகழ்பெற்று, 1979-இல் இந்திக்குப் போனார். தொடக்கத்தில் இந்தி தெரியாது; திரையில் உதடு அவருடையது, குரல் வேறொருத்தியுடையது. 1989-இன் 'சாந்தினி'யில்தான் தம் குரலிலேயே பேசினார். இந்தி படித்தால்தான் பிழைப்பு என்று பயமுறுத்துவோர், இந்தியே தெரியாமல் போய் இந்தித் திரையின் முதல்வரிசையில் அமர்ந்தவரைப் பற்றி என்ன சொல்வர்? தேவை வந்தபோது கற்றார். தேவைக்கு முன்பு எவரும் தலையில் கட்டவில்லை.

அவர் அங்கே அஞ்சுவாகவும் மஞ்சுவாகவும் ஆடிக்கொண்டிருந்த 1989-இல், அவர் பிறந்த வட்டாரத்துச் சிறுமிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? விடியுமுன்பு ஆபீஸ் வண்டியில் ஏற்றப்பட்டு, நாள் முழுதும் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்; பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இலேயே வந்துவிட்டது, வண்டி நிற்கவில்லை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிவகாசிக் குழந்தைகளைப் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கிலே, ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு தலைமுறையின் விரல்கள் கந்தகம் மணந்து முடிந்த பிறகு வந்த தீர்ப்பு.

அந்தச் சிறுமிகளுள் எத்தனை அஞ்சு, எத்தனை மஞ்சு! ஒரே மண், ஒரே முகவெட்டு, ஒரே கண். ஒருத்திக்கு விளக்கொளி விழுந்தது. மற்றவர்க்கு விளக்கேற்றும் குச்சி வாய்த்தது. விளக்கொளியில் நின்றவளுக்கும் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை என்பதையும் மறக்கவேண்டாம். அவளும் நான்கு வயதில் வேலைக்குப் போன குழந்தைதான். மண்ணின் மகள் என்று மார்தட்டும் தம்பிமாரே, மண்ணின் மற்ற மகள்களின் பெயர் தெரியுமா உங்களுக்கு? 2018 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது படத்துக்கு மாலை போட்டீர்கள். அது நன்று. மாலை போட்ட மணிக்கட்டில் அன்றைக்கு என்ன நிறக் கயிறு இருந்தது?

மன்றம் வைத்திருக்கும் இளைஞர்களிடம் எனக்கொரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் படம் போடுகிறீர்களே, 'நாடோடி மன்ன'னைப் போடுங்கள். மறுநாள் 'எங்க வீட்டுப் பிள்ளை'யையும் போட்டு, இரண்டுக்கும் முடிவு ஏன் வேறுபட்டது என்று பிள்ளைகளையே பேசவிடுங்கள். 'சால்பாஸ்' வேண்டுமானாலும் போடுங்கள், சிரிக்கட்டும். பேச்சு முடிந்து தேநீர்க் கடைக்குக் கூட்டிப் போங்கள். முன்பெல்லாம் நம் வட்டாரத்துக் கடைகளிலே இரட்டைக் குவளை வெளிப்படையாக இருந்தது; எவர் எந்தக் குவளை என்று கடைக்காரர் சொல்லவே வேண்டாம். இப்போது சட்டத்துக்கு அஞ்சிச் சில கடைகளில் தந்திரம் மாறியிருக்கிறது: சிலருக்குக் கண்ணாடிக் குவளை, சிலருக்குக் குடித்ததும் எறிந்துவிடும் காகிதக் குவளை. கேட்டால், சுகாதாரம் என்பார். யார் யாருக்கு எது வருகிறதென்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பார்த்தபின், காகிதக் குவளை வந்தவருக்கு அருகில் போய் அமர்ந்து, கண்ணாடிக் குவளை இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள்.